ஜிம்னாஸ்டிக்ஸ் கூடத்தின் கதவு பெற்றோருக்குத் திறந்திருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளுக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் சொல்லித்தரும் பல கூடங்களின் வாசலில் ஓர் அறிவிப்புப் பலகை தொங்குகிறது: ‘பயிற்சி நேரத்தில் பெற்றோருக்கு அனுமதி இல்லை.’ ஆறு வயதுப் பிள்ளையை வாசலில் விட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து வந்து அழைத்துப் போக வேண்டும். உள்ளே என்ன நடந்தது என்று கேட்டால் ‘நல்லாப் பண்றா’ என்ற ஒற்றை வரிதான் பதில். அந்தப் பலகையைக் கழற்றச் சொல்லி இதை எழுதுகிறோம். எழுதும் நாங்கள் பயிற்சி கொடுப்பவர்கள்.

பலகை மாட்டுபவர்கள் சொல்லும் காரணத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஏறி நின்று அசைவுகள் செய்யும் பீம் என்ற கட்டையின் அகலம் 10 செ.மீ., போட்டி உயரம் 125 செ.மீ. அதன் மேல் ஒற்றைக் காலில் திரும்பும் குழந்தை, எதிரே ஒரு புள்ளியில் கண்ணை நிறுத்தித்தான் நிலைகொள்கிறது. அந்த நொடியில் ஓரத்திலிருந்து ‘முட்டியை நீட்டு’ என்று அம்மாவின் குரல் வந்தால் தலை அந்தப் பக்கம் திரும்பும். தலை போன பக்கம் தோள் போகும். தோள் போன பக்கம் உடம்பு சாயும். கோச் ஒன்று சொல்ல, அப்பா வேறொரு சைகை காட்ட, எதைக் கேட்பது என்று தெரியாமல் குழந்தை பாதியில் தயங்கி நிற்பதும் உண்டு. ஓட்டம் எடுத்த பிறகு பாதியில் தயங்குவதைப் போல ஆபத்தானது இந்த விளையாட்டில் வேறில்லை.

ஆனால் இதற்காகப் பெற்றோரை வெளியே தள்ள வேண்டியதில்லை. கண்ணாடித் தடுப்போ, மாடி வராந்தாவோ, கூடத்தின் மூலையில் நாலு நாற்காலியோ இருந்தால் போதும். பார்க்கலாம், குரல் கொடுக்கக் கூடாது என்பதே விதி. எந்த நாளும் எந்த நேரமும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து உட்காரலாம் என்பது அதைவிட முக்கியம். மாதம் ஒரு நாள் பெற்றோரை அழைத்துப் பல்டி அடித்துக் காட்டுவது நிகழ்ச்சி. அதைக் கண்காணிப்புக் கணக்கில் சேர்க்க முடியாது.

மூடிய கதவு என்ன செய்யும் என்பதற்கு இந்த விளையாட்டின் சரித்திரத்திலேயே சாட்சி இருக்கிறது. அமெரிக்க தேசிய அணியின் சிறுமிகள் பயிற்சி எடுத்த டெக்சாஸ் பண்ணை முகாமுக்குள் பெற்றோருக்கு இடமில்லை. அணியின் மருத்துவராக இருந்த லாரி நாசர், சிகிச்சை என்ற பெயரில் பல ஆண்டுகள் சிறுமிகளைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கினார். 2016-இல், அவரால் பாதிக்கப்பட்ட முன்னாள் ஜிம்னாஸ்ட் ரேச்சல் டென்ஹாலண்டர் தன் பெயரைச் சொல்லி ‘இண்டியானாபொலிஸ் ஸ்டார்’ நாளிதழில் பேசிய பிறகுதான் விஷயம் ஊரறிய வெடித்தது. 2018 ஜனவரியில் மிச்சிகன் நீதிமன்றத்தில் பாதிக்கப்பட்ட 150-க்கும் மேற்பட்டோரின் வாக்குமூலங்கள் ஒலித்தன. நாசருக்கு 40 முதல் 175 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

அந்த வழக்கில் வெளிவந்த ஒரு விவரத்தைப் பெற்றோர் மனதில் நிறுத்த வேண்டும். சில சமயம் தாயோ தந்தையோ அதே அறையில் இருக்கும்போதே நாசர் அதைச் செய்தார். தன் உடம்பால் மறைத்துக்கொண்டு, பெற்றோரிடம் பேச்சுக் கொடுத்தபடியே. ஆகவே அறையில் இருந்தால் மட்டும் போதாது. சிகிச்சை தொடங்கும் முன்பே கேளுங்கள்: எதற்காக இது, எங்கே தொடுவீர்கள், உடை விலக வேண்டுமா, கையுறை போடுவீர்களா? உங்கள் நாற்காலி அவருடைய கை தெரியும் பக்கத்தில் இருக்கட்டும். கை மறைந்தால் எழுந்து மறுபக்கம் போய் நில்லுங்கள். நேர்மையான மருத்துவரோ பிசியோதெரபிஸ்ட்டோ அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். பெரிய பெயர், சுவரெல்லாம் வீரர்களின் புகைப்படம் என்பதற்காக இந்தக் கேள்விகளை விழுங்கிவிடாதீர்கள்.

தொடுவது பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் ஜிம்னாஸ்டிக்ஸைத் தொடாமல் சொல்லித்தர முடியாது. குழந்தை தலைகுப்புற விழாமல் கை கொடுத்துத் தாங்குவதை ஸ்பாட்டிங் என்கிறோம். கைகளை ஊன்றிப் பின்னால் தாண்டும் பேக் ஹேண்ட்ஸ்பிரிங்கை எடுத்துக்கொள்வோம். கோச் குழந்தைக்குப் பக்கவாட்டில் ஒரு முட்டியை ஊன்றி அமர்வார். ஒரு கை முதுகின் அடிப்பகுதியில், இடுப்புக்குச் சற்று மேலே. மறு கை தொடையின் பின்பக்கம். குழந்தை பின்னால் சாய்ந்து துள்ளும்போது முதுகில் இருக்கும் கை எடையைத் தாங்குகிறது. தொடையில் இருக்கும் கை கால்களைத் தலைக்கு மேலாகத் தள்ளிவிடுகிறது. உள்ளங்கைகள் தரைமெத்தையில் பதிந்து, கால்கள் தாண்டிப் பாதம் இறங்கியதும் கோச்சின் இரண்டு கைகளும் விலகிவிடும். எல்லாம் சேர்த்து இரண்டு விநாடிகூட ஆகாது. இடையில் கை நழுவி வேறு இடத்தில் பட்டுவிடுவது நடக்கக்கூடியதுதான். அப்போது நல்ல கோச் குழந்தையிடம் உடனே ‘கை தவறிப் பட்டுடுச்சு, மன்னிச்சுக்கோ’ என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்வார். வகுப்பு முடிந்ததும் பெற்றோரிடமும் சொல்வார்.

இதிலிருந்தே எது ஸ்பாட்டிங் இல்லை என்பது தெரிந்துவிடும். பாதம் தரையில் இறங்கிய பிறகும் விலகாத கை. தாங்கவே தேவையில்லாத எளிய அசைவுக்கும் நீளும் கை. மடியில் உட்காரவைப்பது, தசைப்பிடிப்பு என்று கோச்சே எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுவது. புதிய அசைவு தொடங்கும் வாரத்தில் ‘இதுக்கு எங்கே கை வைப்பீங்க, ஒரு தடவை காட்டுங்க’ என்று கேட்டுப் பாருங்கள். முறையாகப் பயின்ற பயிற்சியாளர் எரிச்சல்படாமல் காட்டுவார். குழந்தைக்கும் அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். எங்கே கை வரும் என்று தெரிந்த பிள்ளைக்குத்தான், வரக் கூடாத இடத்தில் வந்தால் அடையாளம் தெரியும்.

மற்ற விதிகள் சுருக்கமானவை, பேரத்துக்கு இடமில்லாதவை. ஒரு பெரியவரும் ஒரு குழந்தையும் தனியாக, யார் கண்ணிலும் படாத இடத்தில் இருக்கக் கூடாது. தனி வகுப்பு வேண்டுமென்றாலும் அது கூடத்தின் நடுவில், இன்னொரு பெரியவர் பார்வையில் நடக்கட்டும். கோச்சிடமிருந்து குழந்தையின் போனுக்கு நேரடிச் செய்தி வரக் கூடாது. பெற்றோர் இருக்கும் குழுவில்தான் வர வேண்டும். கோச்சின் காரில் குழந்தை தனியாகப் போகக் கூடாது. வெளியூர்ப் போட்டியில் பெரியவரோடு ஒரே அறையில் தங்கக் கூடாது. உடை மாற்றும் அறைக்குள் யாருடைய போனும் போகக் கூடாது, பெற்றோர் போன் உட்பட. இவற்றை எழுத்தில் தர மறுக்கும் கூடத்தில் பணம் கட்ட வேண்டாம்.

பிரிட்டனில் ஜிம்னாஸ்டிக்ஸில் நடந்த கொடுமைகள் பற்றி வழக்கறிஞர் ஆன் வைட் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2022 ஜூனில் வெளிவந்தது. பாலியல் குற்றங்களோடு சேர்த்து, தண்ணீர் குடிக்க விடாதது, கழிப்பறைக்குப் போக விடாதது, எடையைச் சொல்லி அவமானப்படுத்தியது, காயத்தோடு பயிற்சி செய்ய வைத்தது, வலிக்க வலிக்க உடம்பை வளைத்தது எல்லாம் அதில் பதிவாகியிருக்கின்றன. கண்டிப்பு, கட்டுப்பாடு என்ற பெயரில் பல பெற்றோர் கண்ணெதிரே ஏற்றுக்கொண்ட விஷயங்கள்தான் இவை. தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் அனுமதி கேட்டுக் குழந்தை கையைக் கட்டி நிற்கும் இடம் பயிற்சிக்கூடம் ஆகாது.

ஸ்ப்ளிட் பற்றி ஒரு வார்த்தை. காலை விரித்து உட்கார்ந்த குழந்தையின் தோளையோ இடுப்பையோ அழுத்தி, அது அழ அழத் தரையைத் தொட வைப்பதை இன்றும் பார்க்கலாம். ‘அப்போதான் வரும்’ என்று சொல்வார்கள். அப்படி வருவதில்லை. வலி வந்ததும் தசை தன்னைக் காத்துக்கொள்ள இறுகும். இறுகிய தசையை மேலும் இழுத்தால் நார் கிழியும். வளரும் வயதில் இன்னொரு தொல்லை இருக்கிறது. தொடையின் பின்தசை, நாம் உட்காரும் எலும்போடு ஒட்டும் இடத்தில் இன்னும் குருத்தெலும்புதான் இருக்கும். தசை கிழியாமல், எலும்பின் ஒரு துண்டே பெயர்ந்து வந்துவிடும். ‘டப்’ என்ற சத்தத்தோடு பிட்டத்துக்கு அடியில் வலி வந்து, நடக்கவோ உட்காரவோ முடியவில்லை என்றால் அது வெறும் சுளுக்கு என்று விட்டுவிடாமல் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நல்ல முறை இதுதான்: உடம்பு சூடான பிறகு, குழந்தையின் சொந்த எடையில், 30 விநாடி வரை, இழுக்கிறது என்று தெரியும் அளவுக்கு மட்டும். குழந்தை ‘போதும்’ என்றால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். அந்த வார்த்தைக்கு மதிப்பு இருக்கிறதா என்று பார்க்கத்தான் பெற்றோர் நாற்காலியில் இருக்கிறார்கள்.

வலி விஷயத்தில் எங்களைப் போன்றவர்களைவிடப் பெற்றோருக்குத்தான் முதலில் தெரியவரும். கூடத்தில் பல்லைக் கடித்துக்கொள்ளும் பிள்ளை, வீட்டில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போதும் கதவைத் தள்ளும்போதும் முகம் சுளிக்கும். மணிக்கட்டை முதலில் சொல்கிறோம். கைகளில் தலைகீழாக நிற்கும் ஹேண்ட்ஸ்டாண்ட், பக்கவாட்டில் சுழலும் கார்ட்வீல், ஓடிவந்து கருவியில் கை ஊன்றித் தாண்டும் வால்ட் என்று இந்த விளையாட்டில் கைகள் கால்களாகின்றன. உடல் எடையும் அதற்கு மேலும் மணிக்கட்டில் இறங்குகிறது. முன்கையின் இரண்டு எலும்புகளில் கட்டைவிரல் பக்கம் இருப்பது ரேடியஸ். எடையில் பெரும்பங்கைத் தாங்குவது அதுதான். அதன் முனையில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தகடு இருக்கிறது. 10 முதல் 14 வயது வரை அது வேகமாக வளரும் காலம். ஓயாத அழுத்தத்தில் நலிவதும் அப்போதுதான். கண்டுகொள்ளாமல் விட்டால் அந்தத் தகடு முன்கூட்டியே மூடிவிடலாம். ரேடியஸ் நின்றுவிட, பக்கத்தில் இருக்கும் அல்னா மட்டும் வளர்ந்துகொண்டே போகும். மணிக்கட்டு நிரந்தரமாகக் கோணி, வலியும் தங்கிவிடும்.

வீட்டில் பார்க்க ஒரு வழி: குழந்தை மேசை விளிம்பில் இரு உள்ளங்கைகளையும் ஊன்றி, முழங்கை நேராக இருக்க, மெல்ல எடையை முன்னால் சாய்க்கட்டும். கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டின் மேற்புறத்தில் வலித்தால், இரண்டு கையையும் ஒப்பிட்டு, அந்த இடத்தை விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். எலும்பின் மேல் வலி என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமலும் போகலாம்; அதனால் ‘எக்ஸ்ரே நார்மல், நாளைக்கே வரலாம்’ என்ற முடிவுக்கு வராதீர்கள். கையில் எடை ஏற்றாமல் குறைந்தது நான்கு முதல் ஆறு வாரம் ஓய்வு, சிலருக்கு மூன்று மாதம் வரை. அந்தக் காலத்தில் கூடத்துக்கு வரக் கூடாது என்பதில்லை. கால், வயிறு, முதுகுத் தசைகளுக்கும் தாவிக் குதித்து இறங்குவதற்கும் எவ்வளவோ பயிற்சி இருக்கிறது.

கீழ்முதுகு அடுத்தது. பிரிட்ஜ், பேக் வாக்ஓவர் என்று பின்னால் வளைந்துகொண்டே இருக்கும் பிள்ளைகளுக்கு, இடுப்புக்கு மேலே கடைசி முள்ளெலும்பின் பின்பகுதியில் நுண்விரிசல் விழக்கூடும். ஒற்றைக் காலில் நின்று பின்னால் வளையும்போது அந்தப் பக்கம் குத்துவது அதன் அடையாளம். இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் முதுகுவலி நீடிக்கும் குழந்தைக்கு ‘வளர்ற வயசு வலி’ என்று பெயர் வைக்காதீர்கள். முழங்கை முழுதாக நீட்ட வரவில்லை, நடுவில் மாட்டிக்கொள்கிறது என்றால் அதுவும் அப்படித்தான். உடனே காட்ட வேண்டும். குதிகால் வலியும் முட்டிக்குக் கீழே புடைத்து வலிப்பதும் இந்த வயதில் நிறைய வரும். பெரும்பாலும் பளுவைக் குறைத்தால் அடங்கிவிடும்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறோம். பயிற்சிக்கு முன்னால் வலி மாத்திரை கொடுத்து அனுப்பாதீர்கள். போட்டி நாளில் இதைச் செய்யும் பெற்றோர் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. ஆனால் ‘நிறுத்து’ என்று உடம்பு சொல்வதற்கு இருக்கும் ஒரே வாய் வலிதான். அதை அடைத்துவிட்டால் விரிசல் முறிவாகும் வரை யாருக்கும் தெரியாது.

எவ்வளவு நேரம் பயிற்சி என்ற கேள்விக்கு விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் எளிய கணக்கு ஒன்று உண்டு: வாரத்தில் பயிற்சி மணிநேரம் குழந்தையின் வயதைத் தாண்டக் கூடாது. எட்டு வயது என்றால் எட்டு மணி நேரம். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு. போட்டிப் பிரிவுகளில் இந்தக் கணக்கு மீறப்படுவது எங்களுக்குத் தெரியும். மீறும்போது காயத்தின் வாய்ப்பு கூடுகிறது என்பதையும் தெரிந்தே மீற வேண்டியிருக்கும். இதில் பெற்றோர் பங்கு பெரியது. கூடத்தில் மூன்று மணி நேரம் முடித்து வந்த பிள்ளையை வீட்டுக் கட்டிலின் மேல் மறுபடி பல்டி அடிக்க வைத்து வீடியோ எடுத்தால், அதுவும் கணக்கில் சேரும். கட்டில் மெத்தை கால் வைத்த இடத்தில் அமுங்கும், விளிம்பில் வழுக்கும், பக்கத்தில் சுவர் இருக்கும். வீட்டில் செய்யலாமா என்று கேட்டால், செய்யலாம்: பிளாங்க், சுவரில் சாய்ந்த ஹேண்ட்ஸ்டாண்ட், பாத விரல் பயிற்சி. காற்றில் சுழல்வது எதுவும் வீட்டில் வேண்டாம்.

காற்றில் பின்னால் சுழலும் பேக் டக் பற்றி, ‘பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பேக் டக் வந்துடுச்சு, நம்ம பிள்ளைக்கு எப்போ?’ என்ற கேள்வி வாரம் தவறாமல் எங்கள் காதில் விழுகிறது. உடற்கட்டு தயாராகாமல் அசைவு மட்டும் வந்துவிட்டால் அதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம். சுவர் துணையோடு 30 விநாடி நேராக ஹேண்ட்ஸ்டாண்டில் நிற்க முடியாத குழந்தைக்கு, கையில் துள்ளிப் பின்னால் தாண்டும் அசைவைச் சொல்லித்தரக் கூடாது. முழங்கை மடங்கினால் அடுத்து தரையில் மோதுவது நெற்றி. முதல் பாடமாக இருக்க வேண்டியதோ விழக் கற்பது: இறங்கும்போது பாதங்கள் இடுப்பு அகலத்தில், முட்டி மடங்கி, கால்விரல் பார்க்கும் திசையிலேயே; பின்னால் சாய்ந்தால் கையைப் பின்னால் நீட்டி ஊன்றாமல், மார்போடு கைகளைச் சேர்த்துத் தாடையை நெஞ்சில் அழுத்தி முதுகில் உருள வேண்டும். பின்னால் நீட்டிய கையில் விழுந்து முழங்கை நழுவுவது இந்த வயதில் நாங்கள் அதிகம் பயப்படும் காயம். சேர்ந்து இரண்டு மாதம் ஆகியும் விழச் சொல்லித்தரவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள்.

சேர்க்கும்போது பெற்றோரும் எதையும் மறைக்கக் கூடாது. வலிப்பு, ஆஸ்துமா, பழைய எலும்பு முறிவு, போன மாதம் தலையில் பட்ட அடி எல்லாம் படிவத்தில் வர வேண்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகள் ஜிம்னாஸ்டிக்ஸ் செய்யலாம். ஆனால் அவர்களில் சிலருக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளின் பிணைப்பு தளர்ந்திருக்கும் என்பதால், குட்டிக்கரணத்துக்கே மருத்துவர் அனுமதி முதலில் வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டுச் சுவரில் உயரத்தைக் குறித்து வையுங்கள். அந்த இடைவெளியில் 2 செ.மீ.க்கு மேல் வளர்ந்திருந்தால் கோச்சிடம் சொல்லுங்கள். கை கால் நீண்டதும் பழகிய அசைவெல்லாம் தவறத் தொடங்கும். அது சோம்பேறித்தனம் என்று திட்டு வாங்க வேண்டியதில்லை. கொஞ்ச காலம் பயிற்சியைக் குறைத்தால் போதும்.

எடையைப் பற்றிக் கூடத்தில் யாரும் பேசக் கூடாது, வீட்டிலும்தான். 1994-இல் அமெரிக்க வீராங்கனை கிறிஸ்டி ஹென்ரிக் உணவை ஒதுக்கும் நோயால் 22 வயதில் இறந்தார். எடை எந்திரத்தில் வரிசையாக ஏற்றி எண்ணை உரக்கச் சொல்லும் இடத்திலிருந்து பிள்ளையை அன்றைக்கே அழைத்து வந்துவிடுங்கள். 15 வயதாகியும் பெண்ணுக்கு மாதவிலக்கு தொடங்கவில்லை, அல்லது தொடங்கியது நின்றுவிட்டது என்றால் ‘விளையாடுற பிள்ளைக்கு அப்படித்தான்’ என்பது தவறு. செலவழிக்கும் சக்திக்கு ஏற்ற உணவு உள்ளே போகவில்லை என்பதன் அடையாளமாக அது இருக்கலாம். எலும்பும் அதனால் பலவீனமாகும்.

பயத்துக்கும் மரியாதை கொடுக்க வேண்டும். 1979-இல் கால் முறிந்த சோவியத் வீராங்கனை எலீனா முகினா, அது சரியாக ஆறும் முன்பே பயிற்சிக்குத் திரும்ப வைக்கப்பட்டார். 1980 ஜூலையில், மாஸ்கோ ஒலிம்பிக்ஸ் நெருங்கும் நேரத்தில், மின்ஸ்கில் தாமஸ் சால்ட்டோ என்ற அசைவைப் பழகும்போது தாடை தரையில் மோதிக் கழுத்து முறிந்தது. வாழ்நாள் முழுதும் கை கால் அசையாமல் இருந்து 2006-இல் இறந்தார். அந்த அசைவு பின்னர் பெண்களுக்குத் தடை செய்யப்பட்டது. 2021-இல் டோக்கியோவில் சிமோன் பைல்ஸ், காற்றில் தன் உடம்பு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்று சொல்லி அணிப் போட்டியின் நடுவிலேயே விலகினார். உலகத்தின் தலைசிறந்த வீராங்கனைக்கே வரும் நிலை இது என்றால், ஒன்பது வயதுப் பிள்ளை ‘பின்னாடி போகப் பயமா இருக்கு’ என்று நிற்பது அடம் அல்ல. திட்டினால் தடை இறுகும். இரண்டு படி கீழே இறங்கி, ஃபோம் துண்டுகள் நிரப்பிய பள்ளமான ஃபோம் பிட்டிலோ சரிவான மெத்தையிலோ மறுபடி தொடங்க வேண்டும். வாரங்கள் ஆகலாம். அந்த வாரங்களில் வீட்டில் யாரும் ‘இன்னிக்கு வந்துச்சா?’ என்று கேட்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

கருவிகளைப் பார்க்கப் பெற்றோருக்கு நிபுணத்துவம் தேவையில்லை. தரைமெத்தைகளுக்கு இடையே பாதம் நுழையும் இடைவெளி இருந்தால் கணுக்கால் போகும். ஃபோம் பிட்டின் துண்டுகள் நாளாக நாளாக அமுங்கிக் கெட்டியாகும். அவ்வப்போது கிளறிவிட்டு, நைந்தவற்றை மாற்ற வேண்டும். யாராக இருந்தாலும் அதற்குள் தலைமுதலாகக் குதிக்கக் கூடாது, ஒருவர் வெளியேறும் வரை அடுத்தவர் இறங்கக் கூடாது. டிராம்போலினில் ஒரு நேரத்தில் ஒரே குழந்தை. கம்பியில் தொங்கிச் சுழலும் பார் பயிற்சிக்கு, உள்ளங்கையில் மாட்டும் தோல் கிரிப் வாங்கும்போது ‘அடுத்த வருஷத்துக்கும் ஆகும்’ என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்குவது பெற்றோர் செய்யும் தவறு. நீளம் மிஞ்சிய தோல், பாரைச் சுற்றித் தன்மேலேயே மடிந்து பூட்டிக்கொள்ளும். கை நின்றுவிடும், உடம்பு சுழன்றுகொண்டே போகும், முன்கை முறியும். பழகப் பழகத் தோல் நீளும் என்பதால், சரியான சைஸ் கிரிப்பையும் அடிக்கடி பார்த்து மாற்ற வேண்டும்.

2000 சிட்னி ஒலிம்பிக்ஸில் பெண்களின் தனிநபர் இறுதிப் போட்டியில் வால்ட் கருவி 5 செ.மீ. தாழ்வாக வைக்கப்பட்டிருந்தது. நடுவர்கள், அலுவலர்கள், உலகத்தின் சிறந்த கோச்சுகள் எல்லோரும் சுற்றி இருந்தார்கள். வரிசையாகப் பலர் தவறி விழுந்தார்கள். ஏதோ சரியில்லை என்று சொன்னது ஆஸ்திரேலியாவின் இளம் வீராங்கனை அலனா ஸ்லேட்டர். அளந்து பார்த்த பிறகுதான் உயர்த்தி வைத்தார்கள். ஆகவே குழந்தை ‘இன்னிக்கு பார் ஒரு மாதிரி ஆடுது’ என்றால், கோச் அங்கேயே நிறுத்திக் கேபிளையும் திருகையும் பார்க்கிறாரா, ‘சாக்குச் சொல்லாதே’ என்கிறாரா என்று கவனியுங்கள். கூடத்தின் தரத்தை அளக்க இதைவிட நல்ல வழி எங்களுக்குத் தெரியவில்லை.

தலையிலோ கழுத்திலோ விழுந்த குழந்தையைத் தூக்கக் கூடாது. கழுத்து வலி, கை கால் மரத்தல் இருந்தால் அசைக்காமல் ஆம்புலன்ஸ் வரும் வரை தலையைப் பிடித்தபடியே இருக்க வேண்டும். எழுந்து நடந்தாலும், மூளை அதிர்ச்சி சந்தேகம் இருந்தால் அன்றைக்குப் பயிற்சி முடிந்தது. திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழறல், எழுப்பினால் விழிக்காத தூக்கம், வலிப்பு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவமனைக்கு ஓடுங்கள். மருத்துவர் அனுமதித்த பிறகும் படிப்படியாக, ஒரு படிக்குக் குறைந்தது ஒரு நாள் வைத்துத்தான் திரும்ப வேண்டும். தலைகீழாவதும் சுழல்வதும் கடைசிப் படி.

குழந்தை எதையாவது சொல்லத் தொடங்கினால் வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கேளுங்கள். ‘அவர் இப்படித் தொட்டாரா, அப்படித் தொட்டாரா’ என்று வார்த்தை எடுத்துக் கொடுக்காதீர்கள். ‘அப்புறம் என்ன ஆச்சு?’ போதும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள், காப்பாற்ற முடியாது. குழந்தை சொன்ன வார்த்தைகளை அதே வார்த்தைகளில், தேதி நேரத்தோடு அன்றைக்கே எழுதி வையுங்கள். கோபத்தில் அந்த நபரிடம் நேராகப் போய் நிற்காதீர்கள். உஷாராகி, செய்திகளை அழித்து, மற்ற பிள்ளைகளின் வாயையும் அடைத்துவிடுவார். கூடத்து நிர்வாகம் ‘நாங்களே விசாரிக்கிறோம், பேர் கெட்டுடும்’ என்றால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். காவல்துறையும் குழந்தைகள் பாதுகாப்பு அமைப்பும்தான் விசாரிக்க வேண்டியவர்கள்.

கடைசியாகப் புகைப்படங்கள். உடம்போடு ஒட்டிய லியோடார்ட் உடை அணிந்த சிறுமி ஸ்ப்ளிட்டில் இருக்கும் படத்தைப் பெற்றோரே பெருமையோடு எல்லோரும் பார்க்கும் கணக்கில், பெயரும் கூடத்தின் பெயரும் பயிற்சி நேரமும் சேர்த்துப் போடுகிறார்கள். யார் எடுத்து எங்கே பயன்படுத்துவார்கள் என்பது நம் கையில் இல்லை. குடும்பத்துக்குள் பகிருங்கள், போதும். தங்கள் நாளிதழுக்கும் இதில் ஒரு வேண்டுகோள்: வெற்றி பெற்ற சிறுவர் சிறுமியர் படத்தை வெளியிடும்போது, கால் விரித்த நிலையில் எடுத்ததைத் தவிர்த்து, பதக்கத்தோடு நிற்கும் படத்தைத் தேர்ந்தெடுங்கள். எந்தக் கூடத்தில் எந்தக் கிழமை பயிற்சி என்ற விவரத்தைச் செய்தியில் சேர்க்காதீர்கள்.

இப்படிக்கு,
இளையோர் ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சியாளர்கள் சிலர்